ஐந்து பேருக்கு ஆறு முளை: எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு துண்டு மாட்டி

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். குளியலறை ஒன்றுதான், ஐந்தடி அகலம், ஏழடி நீளம். அம்மா, நான், மனைவி, ஒன்பது வயது மகன், நான்கு வயது மகள் என்று ஐந்து பேர். காலை ஆறரைக்குத் தொடங்கினால் எட்டேகாலுக்குள் எல்லோரும் குளித்து முடித்தாக வேண்டும். துண்டு போட அங்கே இருந்தது ஒரே ஒரு ஸ்டீல் கம்பி. இரண்டடி நீளம். டைல்ஸ் ஒட்டியவர் தன் கை உயரத்துக்கு, தரையிலிருந்து ஐந்தரை அடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். வருஷக்கணக்கில் அது அப்படியே இருந்தது.

போன ஆடி மாதம் ஒரு நாள் காலையில் கதவோரம் கிடந்த ஈரத்துண்டின் மேல் அம்மா கால் வைத்துவிட்டாள். துண்டு வழுக்க, கதவுப் பிடியை எட்டிப் பிடித்ததால் விழவில்லை. அறுபத்தெட்டு வயது. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் வந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "குளிச்சதும் துண்டைக் கம்பியில போடணும்னு எத்தனை தடவை சொல்றது" என்று சத்தம் போட்டேன். மகள் ஒன்றும் பேசாமல் குளியலறைக்குப் போய், துண்டைச் சுருட்டி மேலே எறிந்து காட்டினாள். அது கம்பியில் பட்டு வாளிக்குள் விழுந்தது. எடுத்துத் திரும்ப எறிந்தாள், திரும்பவும் விழுந்தது. மூன்றாவது தடவை கம்பியில் ஒரு நுனி மாட்டியது. "இப்படித்தான் தினமும் போடறேன்" என்றாள்.

அவள் தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதைப் பார்க்காதது நான்.

ஒரு வாரம் எழுதிப் பார்த்தது

சரி, எதையாவது வாங்கி மாட்டுவதற்கு முன்னால் நடப்பது என்னவென்று தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு வாரம் குறித்து வைத்தேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு யாருடைய துண்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும். ஐந்து துண்டு, ஏழு நாள், மொத்தம் முப்பத்தைந்து பதிவு. தரையில் 11. வாளி விளிம்பிலும் குழாயிலும் 6. கதவு மேல் 5. வெளியே நாற்காலியில் 4. கம்பியில் 9. அந்த ஒன்பதில் எட்டு என்னுடையதும் மனைவியுடையதும்.

நான் எதிர்பார்க்காத விஷயம், அம்மாவின் துண்டு ஒரு நாள்கூடக் கம்பியில் இல்லை. குழாயின் மேலும் நாற்காலியிலும்தான் இருந்தது. கேட்டால், "எனக்குக் கை தோளுக்கு மேல தூக்க வரலைய்யா, ரெண்டு வருஷமாச்சு" என்றாள். தோள்பட்டை வலி இருப்பது எனக்குத் தெரியும். அதற்கும் துண்டுக்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை.

கம்பியில் இருந்த துண்டுகளுக்கும் நல்ல கதி இல்லை. ஒரு பெரிய துண்டு முப்பது அங்குல அகலம். நீளவாக்கில் இரண்டாக மடித்தால் பதினைந்து. இருபத்துநாலு அங்குலக் கம்பியில் இரண்டு துண்டு ஒழுங்காகக் கொள்ளாது. ஒன்றன் மேல் ஒன்றாகத்தான் விழும். அடியில் இருப்பது காயாது. சாயங்காலம் முகத்தில் வைத்தால் ஒரு புளித்த வாடை.

அந்த வாடைக்குக் காரணம் அழுக்கு மட்டும் இல்லை. துணியில் தங்கும் ஈரத்தில் வளரும் பாக்டீரியாவும் ஒரு காரணம். துவைத்த துணியிலேயே வரும் இந்த நாற்றத்தை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற கிருமியை அடையாளம் காட்டினார்கள். மனிதத் தோலிலிருந்து துணிக்குப் போவது, காய்ந்த துணியிலும் பிழைத்துக் கிடப்பது, ஈரம் பட்டதும் திரும்பப் பெருகுவது. ஆகவே துண்டு எவ்வளவு சீக்கிரம் காய்கிறதோ அவ்வளவுக்கு அதற்கு நேரம் கிடைக்காது. நல்ல சோப்பை விட விரித்துப் போட இடம் முக்கியம்.

அந்த வாரக் கடைசியில் என் தேவை தெளிவாகிவிட்டது. ஐந்து பேர் கைக்கும் எட்ட வேண்டும், ஒருவர் துண்டு இன்னொருவர் துண்டின் மேல் படியக் கூடாது, எது யாருடையது என்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத நாலு வயதுக் குழந்தைக்கும் தெரிய வேண்டும். மூன்றாவது தேவையிலிருந்துதான் விளையாட்டு உள்ளே வந்தது.

செப்புச் சாமான்

மகளிடம் ஒரு பெட்டி செப்புச் சாமான் உண்டு. மரத்தில் கடைந்த குட்டிப் பாத்திரங்கள். அம்பாசமுத்திரத்தில் கடைந்தது, என் அக்கா அவளுடைய முதல் பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்தாள். உரல், அம்மி, திருகை, குடம், இட்லிக் கொப்பரை, கரண்டி என்று சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக. திருநெல்வேலிப் பக்கம் பிறந்த பெண் பிள்ளைகள் கையில் இது இல்லாமல் இருக்காது. ஒரு காலத்தில் மஞ்சக்கடம்பு மரத்தில் கடைவார்கள், இப்போது கிடைக்கிற மரத்தில் கடைகிறார்கள். பாதிச் சாமானுக்கு மூடி தொலைந்துவிட்டது. மூடி இல்லாத உரலை மகள் விரலில் மாட்டிக்கொண்டு ஓடியபோதுதான், இதையே ஒரு பலகையில் வரிசையாகப் பதித்தால் என்ன என்று தோன்றியது. உரல் இருக்கும் இடம் ஆச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, குடம் இருக்கும் இடம் அவளுக்கு. பெயர் எழுதவே வேண்டாம்.

பழைய பலகை ஒன்றில் ஐந்து சாமானைப் பின்பக்கம் திருகாணி போட்டு முடுக்கி மாட்டினேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முதல் வாரம் ஒரு துண்டும் தரையில் இல்லை.

மூன்றாவது வாரம் கெட்டுப்போனது. செப்புச் சாமானின் பளபளப்பு அரக்கால் வருவது. சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் இதே முறைதான், அங்கே வெட்பாலை மரம், கடைசியில் தாழை மடலால் மெருகு. கையில் வைத்து விளையாட இதைப் போல அருமையான பூச்சு கிடையாது. ஆனால் அரக்குக்கு நிற்கும் ஈரமும் வெந்நீர் ஆவியும் ஆகாது. ஈரத்துண்டு நாள் முழுக்க உட்கார்ந்த இடங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. என் மனைவியின் வெள்ளைத் துண்டில் சிவப்புக் கறை இறங்கியது. போதாக்குறைக்குச் சாமான்கள் இரண்டு அங்குலம்தான் நீளம், வழவழப்பு வேறு. கனமான துண்டு நழுவி நழுவி விழுந்தது.

மகள் அழுதது துண்டுக்காக இல்லை, குடம் வெளுத்ததற்காக. அன்றைக்கே ஐந்தையும் கழற்றி, காயவைத்து, அவள் பெட்டியில் திருப்பி வைத்துவிட்டேன். குழந்தை விளையாட்டுச் சாமானை அவளிடமிருந்து எடுத்துக் குளியலறையில் பதித்தது எனக்கே பிறகு மனசுக்குச் சரியாகப் படவில்லை. யோசனை நல்லது, பொருள்தான் வேறாக இருக்க வேண்டும்.

ஆசாரி அண்ணாச்சி சொன்னது

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆசாரி இருக்கிறார். எங்கள் வீட்டு நிலை, ஜன்னல் எல்லாம் அவர் அப்பா செய்தது. பலகையைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது பொம்மையை முளையாக்கினது. முளையைப் பொம்மையாக் கடையணும்."

அந்த ஒரு வரியில் மொத்த வேலையும் திரும்பிவிட்டது. சுவர் முளை என்றால் அதற்கு மூன்று வேண்டுமாம். தலை பெருசு, கழுத்துச் சிறுசு, மூக்கு கொஞ்சம் மேலே பார்க்க வேண்டும். தலை பெருத்தால் துண்டு நழுவாது. கழுத்து சிறுத்தால் துண்டு அங்கே போய் உட்காரும். பத்து டிகிரி அளவுக்கு மேல்நோக்கிச் சாய்த்துவிட்டால் எவ்வளவு கனமானாலும் சுவர்ப் பக்கம்தான் இறங்கும். இந்தக் கணக்கோடு செப்புச் சாமானைத் திரும்பப் பார்த்தால், உரல் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது: மேலும் கீழும் அகலம், இடை ஒடுங்கல். குடத்துக்குக் கழுத்து பிறவியிலேயே உண்டு. குங்குமச் சிமிழுக்குக் கழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும்.

மரத்துக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கிடந்த பழைய ஜன்னல் சட்டம் உதவியது. தேக்கு. அதன் எண்ணெய்ப்பசையாலேயே ஈரத்தை மற்ற மரங்களை விட நன்றாகத் தாங்கும். அதன் மேல் பழைய பச்சை பெயின்ட் இருந்தது. அண்ணாச்சி உப்புத்தாளை எடுத்தார், நான் தடுத்தேன். இங்கே வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் தூளாகப் பறக்கும், சின்னப் பிள்ளைகள் மூளை வளர்ச்சிக்கு அது விஷம். ஆகவே வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினோம். கீழே விரித்த பிளாஸ்டிக் தாளோடு சுரண்டலைச் சுருட்டிக் கட்டினோம். பழைய மரத்தை எடுத்து ஏதாவது செய்ய நினைக்கும் எல்லோரிடமும் இதைத்தான் நான் முதலில் சொல்லுவேன். வேறு எதில் அவசரப்பட்டாலும் இதில் கூடாது.

சட்டத்தில் நல்ல பாகமாகப் பார்த்துப் பதினாறு அங்குல நீளம், நாலு அங்குல அகலம், ஓரங்குலக் கனத்தில் மூன்று பலகை கிடைத்தது. மிச்சத்தைத் துண்டு போட்டு எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் போனோம், எங்கள் ஊரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். மகனும் மகளும் கூட வந்தார்கள்.

கடைசல் பட்டறையில் ஒரு மதியம்

கடைசல்காரர் முதலில் சின்னப் பிள்ளைகளிடம்தான் கேட்டார், யாருக்கு என்ன வேண்டும் என்று. மகளுக்குக் குடம். மகனுக்குப் பம்பரம். என் மனைவி சிமிழ் கேட்டிருந்தாள். எனக்குச் செம்பு. அம்மாவுக்கு உரல். ஆறாவது யாருக்கு என்று கேட்டார். கோடை விடுமுறைக்கு அக்கா மகள் வருவாள், அவளுக்குத் திருகை என்று மகள் முந்திக்கொண்டு சொன்னாள்.

தேக்குத் துண்டை இரண்டு முனையிலும் பிடித்துச் சுழல விட்டு, உளியைத் தாங்குகட்டையில் சாய்த்தார். முதலில் நான்கு மூலையும் போய் உருளையாயிற்று. பிறகு ஒரு பக்கம் குழிந்தது. சீவல் நாடா நாடாவாகச் சுருண்டு அவர் மணிக்கட்டில் விழுந்து கொண்டேயிருந்தது. ஐந்து நிமிடத்தில் உரலின் இடுப்பு தெரிந்துவிட்டது. அளவுகோல் எதையும் தொடவில்லை. நான் கொண்டுபோன மாதிரி முளையை ஒரு தடவை கையில் பிடித்துப் பார்த்ததோடு சரி. கடைந்து முடித்ததை நான் வீட்டுக்கு வந்து அளந்தேன். பலகைக்கு வெளியே ஐந்தரை அங்குலம், தலை இரண்டு அங்குலம், கழுத்து முக்கால் அங்குலம். ஆறிலும் தலை அளவு ஒரு நூல்கூட மாறவில்லை.

பம்பரத்தில்தான் ஒரு விவாதம் வந்தது. பம்பரம் என்றால் முனை கூராக இருக்க வேண்டும், அது வெளிப்பக்கம் பார்க்க வேண்டும் என்று மகன் நின்றான். கடைசல்காரர் சுழலை நிறுத்திவிட்டு, அவனைக் கூப்பிட்டு முளையை அவன் உயரத்துக்குப் பிடித்துக் காட்டினார். கூர்முனை சரியாக அவன் தங்கை கண் மட்டத்துக்கு மேலே, அவன் கழுத்துக்கு நேரே நின்றது. "நீ ஓடி வந்து திரும்பினா?" என்று மட்டும் கேட்டார். மகனே பம்பரத்தைத் திருப்பி, தடித்த பக்கம் வெளியே வரட்டும் என்றான். முனை இப்போது பலகைப் பக்கம் ஒடுங்கிக் கழுத்தாகிவிட்டது. நாங்கள் கடைந்த ஆறில் துண்டை மிக நன்றாகப் பிடிப்பது அதுதான். சின்னவர்கள் முக உயரத்தில் வரும் எந்த முளைக்கும் தலை மழுங்கலாக, இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

மூன்று படி

முதலில் ஒரே நீளப் பலகை என்றுதான் நினைத்திருந்தேன். யார் உயரத்துக்கு வைப்பது? எல்லோரையும் சுவரோரம் நிறுத்தி, வலிக்காமல், எக்காமல் கை எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டேன். மகளுக்கு 32 அங்குலம். மகனுக்கு 43. அம்மாவுக்கு 44, நின்ற உயரத்தில் அவள் மகனை விடப் பெரியவள், கை எட்டும் உயரத்தில் இருவரும் ஒன்று. எனக்கும் மனைவிக்கும் 58. கோடுகளைத் தள்ளி நின்று பார்த்தால் கொலுப்படி மாதிரி இருந்தது. ஒரே பலகை வேண்டாம், மூன்று படியாகவே வைப்போம் என்று முடிவானது அப்போதுதான். கீழ்ப்படியில் குடமும் திருகையும், நடுப்படியில் பம்பரமும் உரலும், மேல்படியில் சிமிழும் செம்பும். படிகள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று வரக் கூடாது, மேல் துண்டின் ஈரம் கீழ்த் துண்டில் சொட்டும். அதனால் கதவுப் பக்கமிருந்து ஜன்னல் பக்கம் ஏறும்படி பக்கவாட்டில் தள்ளித் தள்ளி வைத்தோம்.

கீழ்ப்படிக்கு இன்னொரு சிக்கல். அறுபது அங்குலத் துண்டை நடுவில் மாட்டினால் முப்பது அங்குலம் தொங்கும். முப்பத்திரண்டில் இருக்கும் முளையில் போட்டால் நுனி தரைக்கு இரண்டு அங்குலம் மேலே. தண்ணீர் தெறித்து மறுபடி நனையும். ஒரு துண்டைக் குறுக்கே இரண்டாக வெட்டி மனைவி ஓரம் அடித்துக் கொடுத்தாள். மகளுக்கு அது போதும்.

பலகையில் முளை பதித்த விதத்தை எழுதாமல் விட முடியாது, அவ்வளவு அழகு. முளையின் வால் பலகைத் துளைக்குள் இறுக்கமாகப் போகும் அளவு. வாலின் நுனியில் ரம்பத்தால் ஒரு கீறல். தண்ணீர் தாங்கும் பசை தடவித் துளையில் செருகி, பின்பக்கம் அந்தக் கீறலில் சின்னத் தேக்கு ஆப்பு ஒன்றை அடித்தார் அண்ணாச்சி. ஆப்பு இறங்க இறங்க வால் விரிந்து துளைக்குள் இறுகுகிறது. சுத்தியல் சத்தம் மந்தமாக இருந்தது, நாலாவது அடியில் கணீரென்று மாறியது. "அவ்வளவுதான், இனி இழுத்தா பலகைதான் வரும்" என்றார். ஆணியும் இல்லை, திருகாணியும் இல்லை, துருப்பிடிக்க ஒன்றுமே இல்லை.

பூச்சுக்கு அரக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆளிவிதை எண்ணெய் தடவலாம் என்று ஒரு யோசனை. எப்போதும் ஈரமான இடத்தில் அது பூஞ்சை பிடிக்கும் என்பதால் விட்டேன். அந்த எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. தலைகளுக்கு மட்டும் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த வண்ணத்தில் எனாமல், எல்லாவற்றுக்கும் மேலே பி.யு. எனப்படும் நிறமில்லாப் பூச்சு மூன்று தரம். பலகையின் வெட்டு முனைகளில் ஐந்து தரம். மரம் தண்ணீர் குடிப்பது முனை வழியாகத்தான்.

சுவரில் துளை

டைல்ஸ் உடையுமோ என்ற பயத்தில்தான் நிறையப் பேர் ஒட்டுகிற கொக்கியோடு நின்றுவிடுகிறார்கள். குளியலறை ஆவியில் சின்னப் பிள்ளை தொங்கும் இடத்தில் ஒட்டுக் கொக்கியை நான் நம்ப மாட்டேன்.

துளை போடும் இடத்தில் முதலில் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். டப்பென்று வெற்று ஒலி வந்தால் டைலுக்குப் பின்னால் கலவை இல்லை, அங்கே உடையும். குழாய்க்கும் ஷவருக்கும் நேர் மேலே, நேர் கீழே போடக் கூடாது, உள்ளே பைப் செங்குத்தாக ஓடும். சுவிட்ச், ஹீட்டர் பிளக் பக்கமும் அப்படித்தான். எங்கள் கதவோரச் சுவரில் இரண்டும் இல்லை. ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, அதன் மேல் காகித டேப் ஒட்டி, டைல் ஓரத்திலிருந்து ஓரங்குலமாவது உள்ளே தள்ளிக் குறித்தேன்.

முதல் துளையில் தவறு செய்தேன். மெஷினில் சுத்தியல் மோடு போட்டபடியே இருந்திருக்கிறது. வைத்த நொடியில் டைலின் மேல்பூச்சு ஒரு சில்லு பெயர்ந்தது. பலகை மறைக்கும் இடம் என்பதால் தப்பித்தது. பிறகு மோடை மாற்றி, டைலுக்கென்று விற்கும் வேல்முனை பிட் போட்டு, மெதுவான வேகத்தில், மகன் ஒரு பாட்டிலில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க, மீதி ஐந்தும் சுத்தமாக இறங்கின. டைல் தாண்டிச் செங்கல் வந்ததும் சாதாரணக் கான்கிரீட் பிட்; அப்போது சுத்தியல் மோடு போடலாம். 10 மில்லிமீட்டர் துளை, நாலங்குல ஸ்குரூ, அதை இறுகப் பிடிக்கத் துளைக்குள் செருகும் நீள ராவல் பிளக். துளை வாயில் சிலிக்கான் வைத்தேன், சுவருக்குள் தண்ணீர் போகாமலிருக்க. ஸ்குரூ 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடையில் 202 மலிவாகக் கிடைக்கும். அதில் நிக்கல் குறைவு, குளியலறையில் சீக்கிரம் துரு பூக்கும்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டோம். ஒயரிங்குக்குப் போடும் பி.வி.சி. பைப்பில் அரை அரை அங்குலமாக ஆறு வளையம் அறுத்து ஸ்குரூவில் கோத்தால் போதும், இரண்டு ரூபாய் செலவு. காற்றுப் போகும், பின்னால் தண்ணீர் நிற்காது, பல்லி முட்டையும் துடைத்து எடுக்கலாம்.

கடைசியாக ஒரு சோதனை. ஈரத்துண்டு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இருக்கும், அதைத் தாங்கினால் போதாது. நாலு வயதுக் குழந்தை என்றைக்காவது ஊஞ்சலாடத்தான் செய்வாள். இருபது லிட்டர் தண்ணீர் நிரப்பிய குடத்தைக் கயிற்றில் கட்டி ஒவ்வொரு முளையிலும் ஒரு ராத்திரி தொங்கவிட்டேன். ஆறு ராத்திரி ஆயிற்று. ஒன்றும் அசையவில்லை.

மொத்தச் செலவு கடைசல் கூலி, ஆசாரி கூலி, பூச்சு, பிட், ஸ்குரூ எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய். மரம் வீட்டுடையது.

காய்கிறதா?

இதுதான் எனக்குக் கடைசி வரை உறுத்திய கேள்வி. முளையில் மாட்டிய துண்டு கொத்தாகத் தொங்கும், கம்பியில் விரித்த அளவுக்குக் காயாது. ஐப்பசி மழையில், ஜன்னல் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாமல் பார்த்தேன். சமையலறைத் தராசில் எடை போட்டு, காய்ந்த எடைக்கு எப்போது திரும்புகிறது என்று கணக்கு.

தேங்காய்ப்பூ துண்டு காய்ந்திருக்கும்போது 560 கிராம். காலை ஏழரைக்கு முளையில் போட்டது மறுநாள் காலையிலும் ஈரம். அதையே கம்பியில் முழுக்க விரித்தால் ஒன்பது மணி நேரம். ஈரிழைத் துண்டு 210 கிராம்தான். முளையில் நாலரை மணி நேரம், கம்பியில் இரண்டரை. அதாவது முளைக்கு ஏற்றது ஈரிழைத் துண்டு, நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றதும் அதுதான். தேங்காய்ப்பூ துண்டு துருக்கியிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், மெஷினில் நெய்யப்பட்டு, 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்ட சரக்கு. துருவிய தேங்காய் மாதிரி இழை சுருண்டு நிற்பதால் நம் ஆட்கள் வைத்த பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சோலாப்பூரில் நெய்வதற்குப் புவிசார் குறியீடே உண்டு. குறை சொல்ல ஒன்றும் இல்லை; ஆனால் ஒரே குளியலறையில் ஐந்து பேர் என்றால் அது காய இடமில்லை. நாங்கள் ஐந்து பேரும் ஈரிழைக்கு மாறினோம். பழைய ஸ்டீல் கம்பியைக் கழற்றி ஜன்னலுக்குக் கீழே நாலடி உயரத்தில் மாட்டியிருக்கிறேன். தலை குளித்த நாளில் மனைவியின் தேங்காய்ப்பூ துண்டு மட்டும் அங்கே தனியாக விரியும்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி ஒரு வாரம் குறித்தேன், அதே ஒன்பது மணிக்கு. முப்பத்தைந்தில் முப்பத்தொன்று தன் தன் முளையில். தரையில் இரண்டு, நாற்காலியில் இரண்டு. நாற்காலி இரண்டும் நான். அம்மாவின் துண்டு ஏழு நாளும் உரலில்.

குறை இல்லாமல் இல்லை. கார்த்திகை மழை முடிந்தபோது கீழ்ப்படிப் பலகையின் அடிமுனை கொஞ்சம் கறுத்திருந்தது. சோப்புத் தண்ணீர் தெறிக்கும் இடம். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வெயிலில் வைத்து, திரும்ப இரண்டு தரம் பூச்சு கொடுத்தேன். வருஷம் ஒரு முறை மழைக்குப் பிறகு இதைச் செய்ய வேண்டியிருக்கும். மகன் ஆறு மாதத்தில் ஒன்றரை அங்குலம் வளர்ந்துவிட்டான், அவனுக்கும் ஆச்சிக்கும் ஒரே படி இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

ஒரு விஷயம் நாங்கள் யாரும் யோசித்து வைக்காதது. காலையில் அம்மா குளித்துவிட்டு வந்ததும் மகள் போய் உரலைத் தொட்டுப் பார்க்கிறாள். துண்டு ஈரமாக இருந்தால், "ஆச்சி நெல்லு குத்தியாச்சு" என்று சமையலறைக்கு வந்து சொல்கிறாள். அடுத்து யார் குளிக்க வேண்டும் என்பது இப்போது அப்படித்தான் எங்கள் வீட்டில் தெரிகிறது.

மே மாதம் அக்கா மகள் வந்தாள். திருகை தனக்கென்று ஆறு மாதமாகக் காத்திருந்தது தெரிந்ததும், வந்த அன்று மூன்று தடவை குளித்தாள். ஊருக்குத் திரும்பும்போது அவள் துண்டை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எடுத்து மடித்து வைக்கப் போன என் மனைவியை மகள் தடுத்துவிட்டாள். அது இன்னும் திருகையில்தான் தொங்குகிறது.